பதினொரு வினாடி

ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் தொலைபேசி.
"பெண் கைதி. பிஸ்மார்க்கிலிருந்து ஃபார்கோ. நீ வரணும்."
விடுமுறை என்றேன்.
அந்தப் பக்கம் பதில் இல்லை, காகிதம் புரளும் சத்தம் மட்டும்.
வடக்கு டகோட்டா முழுவதற்கும்
அந்த வருடம் ஒரே ஒரு பெண் துணை மார்ஷல்,
அவளும் அப்போது
ஒரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தப்பியோடியவர்களைப் பிடிக்கத்தான் சேர்ந்தேன்.
பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஒருவனைத் தானியக் கிடங்கில்.
ஒருவனை அவன் தங்கையின் கல்யாணத்தில்,
கேக் வெட்டும்வரை காத்திருந்து.
ஆனாலும் ஒன்பது வருடத்தில்
நான் அதிகம் காவல் காத்தது
கழிப்பறைக் கதவுகளை.

கவசத்துக்கு அளவெடுக்க வந்தவன்
நாடாவைத் தோளில் வைத்தான், இடுப்பில் வைத்தான்,
நடுவில் இருந்ததை
மிக மரியாதையாகத் தாண்டிப் போனான்.
வண்டியில் உட்காரும்போதெல்லாம்
அந்த மரியாதை இன்றும் என் மோவாயில் இடிக்கிறது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
இடுப்புச் சங்கிலியைக் கொஞ்ச நேரம்
என் கோட்டுக்குள் வைத்திருந்துவிட்டுப் பூட்டினேன்.
விதிப்புத்தகத்தில் இது இல்லை.
கூடாது என்றும் இல்லை.
மார்லா வெட்ஸ்டைன், முப்பத்தெட்டு, போலிக் காசோலைகள்.
"வெதுவெதுப்பா இருக்கே" என்றாள்
சங்கிலியைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.

ஜேம்ஸ்டவுனில் பெட்ரோல் போட நிறுத்தினோம்.
ஷ்மால்ட்ஸ் சிப்ஸ் வாங்கப் போனான்.
பாதிச் சாத்திய கதவுக்கும் நிலைக்கும் நடுவே
என் பூட்ஸ்.
உள்ளேயிருந்து கேட்டாள்:
"ஜார்ஜியாவில்தானே உங்களுக்குப் பயிற்சி?
வெயில் கொல்லுமாமே."
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"நானும் விண்ணப்பம் போட்டேன்.
எழுத்துத் தேர்வில் தேறினேன்.
நேர்காணலில் மூன்று ஆண்கள்,
குழந்தை உண்டா என்று கேட்காமல்
அதையே நான்கு விதமாகக் கேட்டார்கள்.
அதிலும் தேறினேன்.
ஒன்றரை மைல் ஓட்டத்தில் போச்சு.
பதினொரு வினாடி."

தண்ணீர் இழுக்கும் சத்தம்.

நான் தேறியது நான்கு வினாடியில்.
கடைசி நேர்கோட்டில் காற்று என் முதுகுப் பக்கம்.
சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு
காற்று எந்தப் பக்கம் என்பது
சின்ன விஷயமில்லை.
அதை அவளிடம் சொல்லவில்லை.
சோப்பு தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடி முன் நின்றாள். முகமெல்லாம் முடி.
கையைத் தூக்கினாள், சங்கிலி
விலா எலும்போடு நிறுத்திக்கொண்டது.
கேட்கவில்லை அவள்.
என் மணிக்கட்டிலிருந்த ரப்பரைக் கழற்றி
வாரி எடுத்து இறுக்கிக் கட்டினேன்,
ஓடப்போகிறவளுக்குக் கட்டுவதுபோல.

ஃபார்கோ சிறையில் ரசீது எழுதினார்கள்.
பெண், ஒன்று. மூக்குக்கண்ணாடி, ஒன்று.
முடி ரப்பர், கறுப்பு, ஒன்று.
அது அனுமதியில்லை என்று
எழுத்தர் அவிழ்த்து உறையில் போட்டார்.
என்னுடையது என்றால் திருப்பித் தந்திருப்பார்.
அவளுடையது என்றேன்.

திரும்பும் வழியில் ஷ்மால்ட்ஸ் கேட்டான்:
"அவ்வளவு நேரம் உள்ளே என்ன பேச்சு?"

ஓடுவதைப் பற்றி.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியது.
"தப்பிக்கவா?"

இல்லை. சேர.

அவனுக்குப் புரியவில்லை.
எனக்கும் முழுதாகப் புரிந்ததென்று சொல்லமுடியாது.
உப்பு தூவிய சாலை, ஒரே நேராக.
முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது.
மிச்சமிருந்த சிப்ஸை நீட்டினான்,
வாங்கிக்கொண்டேன்.